தூத்துக்குடித் தோணி எப்படிப் பிழைக்கிறது?

மாலத்தீவில் ஒருவர் வீட்டுக்குத் தளம் போட வேண்டுமென்றால் ஜல்லி கடல் கடந்துதான் வர வேண்டும். ஏறக்குறைய 1,200 பவளத் தீவுகள் சேர்ந்த நாடு அது. மலை கிடையாது, ஆறு கிடையாது, உடைத்து ஜல்லியாக்கப் பாறையும் கிடையாது. பயிர் செய்ய மண்ணும் குறைவு என்பதால் அரிசி, கோதுமை மாவு, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். அதில் ஒரு பங்கு தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து மரத் தோணிகளில் போகிறது.

இந்தத் தோணி என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்பதைக் கப்பல் தொழில் பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோணி சம்பாதிப்பது கடலில் ஓடும்போது. ஆனால் ஆண்டு முடிவில் லாபமா நஷ்டமா என்று தீர்மானமாவது அது கரையில் கட்டிக் கிடக்கும் நாட்களில்தான். சின்னச் சரக்குக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும், உலகத்தில் எங்கே ஓடினாலும், இது பொருந்தும்.

தோணி என்றதும் நாலு பேர் ஏறும் படகை நினைக்க வேண்டாம். தூத்துக்குடியில் தோணி என்றால் முழு மரத்தில் கட்டிய சரக்குக் கப்பல். 200 டன், 300 டன், அதற்கு மேலும் ஏற்றும். 300 டன் என்றால் பத்துச் சக்கர லாரிகள் பதினாறு பதினேழு கொண்டுவரும் சரக்கு. இதை ஓட்டிப் போவது எட்டு முதல் பத்துப் பேர். தலைவருக்குப் பெயர் தண்டல். அவருக்குக் கீழே இயந்திரத்தைப் பார்ப்பவர், சமைப்பவர், மாலுமிகள். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம்கூடப் பாய்மரக் கப்பலின் பொறுப்பாளரைத் தண்டல் என்றே குறிப்பிட்டது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு சுவையான விஷயமும் உண்டு. இயந்திரம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பாயை மட்டும் கொண்டு ஓடும் அளவுக்குப் பாய்ப் பரப்பு இருந்தால் அது பாய்மரக் கப்பல் என்று அது வரையறுத்தது. அதனால்தான் டீசல் இயந்திரம் தட்தட்டென்று ஓடும் தோணியிலும் பாய்மரம் நிற்கிறது. 1980-கள் வரை தூத்துக்குடியில் பாயை மட்டுமே நம்பிக் கடல் கடந்த தோணிகள் இருந்தன.

ஒரு காலத்தில் இந்த ஊர்த் தோணிகளுக்கு இன்னொரு பெரிய வேலையும் இருந்தது. தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் தள்ளித்தான் நங்கூரம் போட முடியும். அங்கிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தவை தோணிகள். கரையிலிருந்து பஞ்சையும் நூலையும் கொண்டுபோய் ஏற்றியவையும் அவைதான். 1974-இல் புதிய துறைமுகம் திறந்து, பெரிய கப்பல் நேராகத் துறைமுகத் தளத்தை ஒட்டியே நிற்கத் தொடங்கியதும் அந்த வேலை போயிற்று. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் ஓட்டம் மிஞ்சியது. கொழும்பு ஓட்டமும் பிறகு கன்டெய்னருக்குப் போய், இன்று முக்கியமாக இருப்பது மாலத்தீவு.

சரி, ஒரு நடையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

சரக்கு லாரியில் தளத்துக்கு வரும். அரிசி, மாவு, வெங்காயம் எல்லாம் மூட்டை மூட்டையாக. 300 டன்னை 50 கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் 6,000 மூட்டை. அத்தனையும் ஆட்களின் தோளில் ஏறித் தோணிக்குள் இறங்கி, மறு கரையில் அதே மாதிரி வெளியே வர வேண்டும். பெரிய துறைமுகத்தில் ஒரு கிரேன் ஒரு தூக்கில் 20, 25 டன் கன்டெய்னரை எடுத்து வைத்துவிடும். இங்கே அது 400, 500 மூட்டைகளின் வேலை. அதனால் ஏற்றுவதே பல நாள் இழுக்கும். நடுவில் ஒரு லாரி வராமல் போனாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ மொத்த வேலையும் நின்றுவிடும்.

ஏற்றுவதில் யாருக்கும் தெரியாமல் போகிற ஒரு கலை இருக்கிறது. எது கீழே, எது மேலே என்பதுதான் அது. கப்பல் நிரம்புவது இரண்டு வகையில். ஒன்று எடையால் நிரம்பும், அல்லது இடத்தால் நிரம்பும். ஜல்லி கனமானது. நூறு டன் ஜல்லிக்குத் தேவையான இடம் கொஞ்சம்தான். அதே நூறு டன் வெங்காய மூட்டைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு இடம் வேண்டும். ஜல்லியை மட்டும் ஏற்றினால் சரக்கறையில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே தோணி தண்ணீரில் அமிழ வேண்டிய அளவுக்கு அமிழ்ந்துவிடும். வெங்காயத்தை மட்டும் ஏற்றினால் அறை நிரம்பி வழியும், தோணியோ இன்னும் உயரமாக மிதந்துகொண்டிருக்கும். இரண்டையும் கலந்து ஏற்றினால்தான் எடையும் இடமும் ஒன்றாகத் தீரும், வாடகையும் முழுதாக வரும்.

கலக்கும்போது கனமானது அடியில் போக வேண்டும். அடியில் கனம் வைத்த தஞ்சாவூர்ப் பொம்மை எப்படிச் சாய்த்தாலும் எழுந்துகொள்கிறதே, அதே நியாயம்தான். கனம் மேலே ஏறினால் அலையில் சாய்ந்த தோணி நிமிர நேரம் எடுக்கும். இன்னும் ஏறினால் நிமிராமலே போகும். அதற்காக எல்லாக் கனத்தையும் அடியில் போட்டு அழுத்துவதும் சரியில்லை. அப்போது தோணி சாய்ந்ததும் வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலில் பாய்மரமும் பலகை இணைப்புகளும் அடி வாங்கும், மேலே கட்டிய சரக்கு அறுத்துக்கொள்ளும். சாய்ந்து மெதுவாக, ஆனால் உறுதியாக நிமிர வேண்டும். தோணி துறைக்குள் இருக்கும்போதே அதன் ஆட்டத்தைப் பார்த்து எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நல்ல தண்டல் சொல்லிவிடுவார்.

ஜல்லியைக் குவியலாக விடவும் கூடாது. ஒரு பெரிய அலையில் குவியல் ஒரு பக்கம் சரிந்தால் திரும்ப நடுவுக்கு வராது. தோணி அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். அதனால் மண்வெட்டியால் சமமாகப் பரப்புவார்கள். ஈரமான எம்சாண்ட் இன்னும் மோசம். குலுங்கக் குலுங்க உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே வந்து, மணல் குழம்பு மாதிரி ஓட ஆரம்பித்துவிடும்.

பல்லாரி வெங்காயத்தின் கதை தனி. அது மூட்டைக்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், சூடும் ஈரமும் வெளியே விடும். காற்றில்லாத சரக்கறையில் அடுக்கி மூடினால் இரண்டு நாளில் நடு மூட்டைகள் வேர்க்கும், அப்புறம் அழுகல் வாடை வரும். ஒன்று அழுகினால் பக்கத்து மூட்டைக்கும் பரவும். அதனால் காற்றுப் படும் இடத்தில், மேலடுக்கில் அல்லது மேல்தட்டில், இடுக்கு விட்டு அடுக்குவார்கள். மழையோ கடல் நீரோ வந்தால் தார்ப்பாய் மூடியாக வேண்டும். மழை நின்றதும் உடனே திறந்தாக வேண்டும். பக்கத்திலேயே சிமென்ட் இருந்தால் அதற்கு நேர்மாறு, கொஞ்சம் ஈரம் பட்டாலும் கட்டியாகிவிடும். காற்று கேட்கும் சரக்கையும் ஈரம் ஆகாத சரக்கையும் ஒரே தோணியில் காப்பாற்றிக் கொண்டுபோவதுதான் மாலுமிகளின் அன்றாட வேலையில் பெரும் பகுதி. தீவுக் கடையில் அந்த வெங்காயத்தை வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குத் தோணியின் உடலில் ஒரு குறி போட்டிருப்பார்கள். அது தண்ணீருக்குள் போகக் கூடாது. அளவுக்கு மேல் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகடித்த முதலாளிகளுக்கு எதிராகச் சாமுவேல் பிலிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதால் 1876-இல் அங்கே சட்டமான ஏற்பாடு அது. இன்று உலகத்துச் சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் அந்தக் கோடு உண்டு, தோணிக்கும் உண்டு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரியும் அந்தப் பலகை உயரம்தான் கடல் பொங்கும்போது கையிருப்பு.

சுங்கம், குடியேற்றம், துறைமுக அனுமதி எல்லாம் முடிந்து புறப்பட்டால் மாலத்தீவின் தலைநகர் மாலேக்குச் சுமார் 400 கடல் மைல். 740 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஏழு கடல் மைல் போகும் தோணிக்கு இரண்டரை நாள் ஆகும், கடல் சரியில்லாவிட்டால் மூன்று நாளைத் தாண்டும். மன்னார் வளைகுடாவில் மணப்பாடு கலங்கரை விளக்கம் தெரியக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, கன்னியாகுமரி முனையைச் சுற்றித் தென்மேற்கே திரும்புவார்கள். அது வரைக்கும் கரை துணைக்கு இருக்கும். அதற்கப்புறம் மாலே வரைக்கும் ஒதுங்க இடமில்லை.

அந்தத் திறந்த கடலில் காற்றையும் அலையையும் விட எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று. மலாக்கா நீரிணையிலிருந்து இலங்கையின் தெற்கு முனையைத் தொட்டுச் சூயஸுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகும் கப்பல் பாதை, உலகத்தின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்று. தோணி அதைக் குறுக்கே கடந்துதான் மாலே போக வேண்டும். எதிரே வருவது 300 மீட்டர் நீளக் கப்பல், அதன் வேகம் தோணியைப் போல இரண்டு மூன்று மடங்கு. ரேடார் அலை இரும்பில் பட்டுத் திரும்புகிற அளவுக்கு மரத்தில் பட்டுத் திரும்பாது. ராத்திரியில், மழையில், அந்தப் பெரிய கப்பலின் திரையில் தோணி ஒரு மங்கல் புள்ளியாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். அதற்காகப் பாய்மரத்தில் உயரமாக உலோகப் பிரதிபலிப்பான் கட்டுவார்கள், விளக்கெரிப்பார்கள், வானொலியில் கூப்பிடுவார்கள். இத்தனையும் இருந்தாலும் ஒரு ஆள் முன்னே கண் விழித்து நின்றே ஆக வேண்டும்.

இன்னொரு காவல் அடிவயிற்றில். மரக் கப்பல் கொஞ்சமாவது தண்ணீர் விடும். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியும் பிசினும் எண்ணெயும் வைத்து அடைத்திருந்தாலும், அலையில் உடல் நெளியும்போது கசிவு இருக்கும். அதனால் அடியில் சேரும் தண்ணீரின் அளவைப் பார்ப்பதும் பம்பு போட்டு வெளியேற்றுவதும் இரவு பகல் வேலை. பம்பின் வாயில் வெங்காயத் தோலோ சாக்கு நாரோ அடைத்துக்கொண்டால் உடனே இறங்கி எடுக்க வேண்டும். இயந்திரம் நின்றுபோனால் பம்பும் நிற்கும், தண்ணீர் ஏறும், கனம் கூடும், கசிவும் கூடும். தூத்துக்குடித் தோணிகள் கடலில் மூழ்கிய செய்திகளைத் தேடிப் படித்தால் இந்த வரிசை அடிக்கடி வரும். அப்படித் தவித்தவர்களை இந்தியக் கடலோரக் காவல் படையும், அந்த வழியாகப் போன கப்பல்களும் பலமுறை மீட்டிருக்கின்றன.

காற்று வாகாக இருந்தால் பாயும் விரிப்பார்கள். வாடை வீசும் மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று தென்மேற்கே போகிற தோணிக்குப் பின்னாலிருந்து தள்ளும், டீசல் மிச்சம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அப்போது தோணி பெரும்பாலும் காலி வேறு.

இந்தக் காலித் திரும்பல்தான் மாலத்தீவு வியாபாரத்தின் தீராத சிக்கல். சரக்கெல்லாம் இங்கிருந்து அங்கே போகிறது. அங்கிருந்து இங்கே கொண்டுவர அந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மாலத்தீவின் புகழ்பெற்ற பழைய ஏற்றுமதி மாசி, சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் காய வைத்தது. அது கடல் கடந்து இலங்கைச் சமையலின் உயிர்நாடியாகவே ஆகிவிட்டது, ஆனால் 300 டன் தோணியை நிரப்பும் சரக்கு இல்லை. பழைய இரும்பு மாதிரி ஏதாவது கிடைத்தால் உண்டு. ஆக, போகும்போது வாங்கும் வாடகையிலேயே வருவதற்கான டீசலும் சாப்பாடும் அடங்க வேண்டும். காலித் தோணி உயரமாக மிதக்கும், காற்றுக்கு அதிகம் முகம் கொடுக்கும், தண்ணீரைத் தள்ளும் சுழலி அலையில் வெளியே வந்து வீணாகச் சுற்றும். அடியில் கனத்துக்கு ஏதாவது இருந்தே ஆக வேண்டும், அந்தக் கனத்துக்கு வாடகை யாரும் தரப்போவதில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பருவக்காற்று மாதங்களும் புயல் எச்சரிக்கை நாட்களும் போக, ஆண்டில் 240 நாள் தோணிக்குக் கிடைக்கிறது என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு மொத்தம் 20 நாள். இதில் போகவும் வரவும் ஆறு நாள்; மீதி 14 நாள் ஏற்றுவது, இறக்குவது, இடத்துக்குக் காத்திருப்பது, காகிதத்துக்குக் காத்திருப்பது. ஆண்டுக்கு 12 நடை வரும்.

வருமானத்தைக் கூட்ட என்ன வழி? பெரிய இயந்திரம் போட்டு வேகமாகப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றும். மணிக்கு ஏழு கடல் மைல் போகும் தோணியை எட்டுக்கு ஏற்றினால் 57 மணி நேரப் பயணம் 50 மணி ஆகும். போக வரச் சேர்த்து மிச்சம் 14 மணி நேரம், ஒரு நாள்கூட இல்லை. ஆனால் வேகம் ஏற ஏறத் தண்ணீரின் எதிர்ப்பு அதைவிட வேகமாக ஏறும். ஒரே தூரத்துக்கு எரியும் டீசல் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தைப் போலக் கூடும். ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் சுமார் 30 சதவீதம் அதிகம். ஒவ்வொரு நடையிலும் அந்தச் செலவு.

இன்னொரு வழி, கரையில் நிற்கும் 14 நாளை 10 ஆக்குவது. நடை 16 நாளாகிறது. 240 நாளில் 15 நடை. அதே தோணி, அதே இயந்திரம், அதே ஆட்கள். ஒரு நடைக்கு எரியும் டீசலும் அதே அளவு. ஆனால் மூன்று நடை கூடுதல், அதாவது கால் பங்கு அதிகச் சரக்கு. முதலாளிக்கு ஆகும் மரச் செலவு, காப்பீடு, கடன் வட்டி எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி ஆகிறவை. அவற்றைப் 12 நடையில் பங்கு போடுவதற்கும் 15 நடையில் பங்கு போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் பிழைப்பு. பெரிய கப்பல் ஒப்பந்தங்களில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்று கட்டணம் எழுதியிருப்பார்கள். விரல் விட்டு எண்ணும் வியாபாரிகளை நம்பி ஓடும் சிறு கப்பலுக்கு அதைக் கறாராகக் கேட்டு வாங்கும் பலம் கிடையாது. தாமதம் சரக்குக்காரரால் வந்தாலும் துறைமுகத்தால் வந்தாலும் நஷ்டம் தோணி தலையில்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று உறுதியாக வீசும் மாதங்களில் தோணி கடலுக்குப் போகக் கூடாது என்பது அரசு விதி. அந்தக் கச்சான் காலம் ஓய்வுக் காலம் என்று நினைக்க வேண்டாம். தோணியைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, கப்பல்புழு துளைத்த பலகையை மாற்றி, இடுக்குகளைத் திரும்ப அடைப்பது ஓடாவிகள் எனும் கப்பல் தச்சர்களின் கைவேலை. விலாக்கட்டைக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. மாலுமிகளுக்கோ நடை இல்லாத மாதம் வருமானம் சுருங்குகிற மாதம்.

பருவக்காற்று ஓய்ந்தாலும் கவலை தீராது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கு மிக அருகில் உருவாகி, எச்சரிக்கைக்கும் சேதத்துக்கும் இடையே நேரமே விடவில்லை. தோணிகளின் வழக்கமான பாதை அது. மணிக்கு ஏழு கடல் மைல் போகிற கப்பலால் புயலை விட்டு ஓட முடியாது. புறப்படுவதா வேண்டாமா என்று கரையில் எடுக்கும் முடிவு ஒன்றுதான் அதற்கு இருக்கும் பாதுகாப்பு.

போட்டியும் வந்துவிட்டது. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சியிலிருந்து மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷி, மாலே துறைமுகங்களுக்கு ஒரு நேரடிச் சரக்குக் கப்பல் சேவையை இந்திய அரசு தொடங்கியது. அதில் விட்ட கப்பல் ஒரே நடையில் 200 கன்டெய்னரும், அதோடு கன்டெய்னரில் அடைக்காத 3,000 டன் தனிச் சரக்கும் ஏற்றக்கூடியது. தனிச் சரக்கு மட்டுமே பத்துத் தோணி அளவு. ஆனால் அவ்வளவு பெரிய கப்பலை ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டும். இருபது வியாபாரிகள் சேர்ந்து 250 டன் சேர்ந்ததும் புறப்பட்டுவிட முடிகிறது என்பது தோணியின் பலம்.

சரக்குக்கும் உடனே பஞ்சம் வராது. 1981-இல் போட்ட வணிக உடன்பாட்டின்படி, மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதித் தடை இருக்கும்போதும் மாலத்தீவுக்கு மட்டும் அரிசி, சர்க்கரை, வெங்காயம், முட்டை, ஜல்லி, ஆற்று மணல் போன்றவற்றுக்கு இந்தியா ஆண்டுதோறும் அளவு ஒதுக்குகிறது. 2024-25-இல் ஜல்லிக்கும் மணலுக்கும் தலா 10 லட்சம் டன் ஒதுக்கினார்கள்.

அதனால் தோணித் தொழிலுக்கு உதவ வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது பழைய துறைமுகத்தைத்தான். முழுச் சுமையோடு தோணி தளத்தை ஒட்டி நிற்கும் அளவுக்கு ஆழம் இருக்க வேண்டும். மழையில் நனையாமல் சரக்கை வைக்கக் கூரை போட்ட இடம் வேண்டும். மூட்டையை வலையில் கட்டித் தூக்கிவிட இரண்டு சின்னக் கிரேன் வேண்டும். நாலு நாள் மிச்சமாவது இந்த மூன்றிலிருந்துதான், புதிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் கடனிலிருந்து இல்லை.